குதிரையின் நிறமும் அங்க அடையாளங்களும்

(முடிச்சூரில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்பு நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)

கடன் பத்திரத்திலும் இன்ஷியூரன்ஸ் தஸ்தாவேஜிலும் பிராணியின் அடையாளத்தை எழுதுவதற்கென்று ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. அவ்விடத்தில் ‘சிவப்புக் குதிரை’ என்றோ, ‘கறுப்புப் பசு’ என்றோ இரண்டே சொற்களை எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நகர்ந்துவிடுவது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. பிராணி உயிரோடு தன் கொட்டிலில் நிற்கும் வரையில் இதனால் ஒரு கெடுதலும் விளைவதில்லை. அது காணாமற் போகும்போதும், இறக்கும்போதும், பிறன் கையில் அகப்படும்போதுமே அவ்விரண்டு சொற்களின் வறுமை வெளிப்படுகிறது. அப்போது நஷ்டமடைகிறவன் பத்திரத்தை எழுதினவன் அல்லன். தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரனே.

2015-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் பிராணியைக் காப்பாற்ற முதலில் செய்யத்தக்கது கட்டுக்கயிற்றை அறுத்துவிடுவதே. அவிழ்த்துவிட்ட பிராணி மேட்டைத் தேடிப் போகும். ஒரே மேட்டில் நாலு ஊர்ப் பிராணிகளும் வந்து சேரும். தண்ணீர் வடிந்தபின் ஒரே பிராணியை இருவர் தம்முடையது என்று சொன்னால், நடுவில் நிற்கும் பெரியவர் கேட்கும் முதற்கேள்வி ‘அடையாளம் என்ன?’ என்பதுதான்.

முன்னாளில் இக்கேள்விக்கு ஊரே விடை சொல்லிற்று. 1904-ஆம் வருஷத்தில், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் இம்மாகாணத்தின் முதற் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவானபோது, கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் முகம் பார்த்தே அறிந்தவர்கள். இன்னாருடைய காளைக்கு எந்தக் கொம்பு வளைந்தது என்பது தெருவிலுள்ள குழந்தைக்கும் தெரியும். இன்றைய முடிச்சூர் அப்படியில்லை. வயலாயிருந்த இடங்களில் வீடுகள் எழும்பியிருக்கின்றன. அண்டை வீட்டார் பெயரே தெரியாதவர் அநேகர். ஊரின் கண்ணுக்குப் பதிலாகச் சங்கத்தின் ரிஜிஸ்தர்தான் சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் குதிரையை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மாடு பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே உழைத்து முடிகிறது; குதிரையோ ஊர் ஊராய் விற்கப்படுவது, படைக்கும் பந்தயத்துக்கும் போவது. ஆகையால் பிராணியின் அடையாளத்தைப் பிழையின்றி எழுதும் வித்தை குதிரை வளர்ப்போரிடத்தில்தான் முற்றி வளர்ந்தது. ரயிலடிக்கு ஜட்கா ஓடிய காலம் போய்விட்டது. இப்போது குதிரை வைத்திருப்போர் கல்யாண ஊர்வலத்துக்கும், கடற்கரைச் சவாரிக்கும், சவாரிப் பள்ளிக்கும் விடுகிறவர்கள். எண்ணிக்கை சொற்பமானாலும் ஒரு குதிரையின் விலை ஒரு குடும்பத்தின் முழு முதலாயிருக்கிறது.

குதிரையின் நிறங்களுக்கு லாயக்காரர் வழங்கும் பெயர்களிற் பெரும்பாலன தமிழ்ச் சொற்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். கடல்வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வர்த்தகர் குதிரை கொணர்ந்தனர்; குதிரையோடு அதன் பெயரும் வந்தது. குமைத், சுரங், முஷ்கி, நுக்ரா, சப்ஜா, அப்லக் என்பன அவ்வாறு வந்தவை. ஈரோடு ஜில்லாவில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வடநாட்டு மார்வாரி, கத்தியவார் குதிரைகளும் வருகின்றன. அங்கே போகிறவன் இப்பெயர்களின் பொருளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தரகன் வாயிலிருந்து வரும் பெயருக்கும் கண்ணெதிரே நிற்கும் குதிரைக்கும் பல சமயங்களில் சம்பந்தம் இருப்பதில்லை.

‘சிவப்புக் குதிரை’ என்று ஜனங்கள் சொல்வதில் இரண்டு வேறு நிறங்கள் அடங்கியிருக்கின்றன. உடல் செம்பழுப்பாயிருந்து, பிடரி மயிரும் வாலும் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட கால்களும் கறுத்திருந்தால் அது குமைத். உடலைப் போலவே பிடரியும் வாலும் சிவந்தோ, இன்னும் வெளுத்தோ இருந்து, கால்களிற் கறுப்பே இல்லாமலிருந்தால் அது சுரங். உடலின் நிறம் எவ்வளவு கருமையாயினும் வெளிறினதாயினும் பார்க்கவேண்டியது அதை அன்று. பிடரியையும் வாலையும் கால்களையுமே. இந்த ஒரு வித்தியாசத்தை அறிந்தவன் பத்திரத்தில் வரும் பிழைகளிற் பாதியைத் தவிர்த்துவிடுவான். இதில் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. தாயும் தந்தையும் சுரங் ஆனால் குட்டியும் சுரங்காகவே பிறக்கும் என்பது பரம்பரை நியதி. கறுப்பு மயிரை உண்டாக்கும் சக்தி அவ்விரண்டினிடத்தும் இல்லாமையால், அவை அதைக் குட்டிக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டு சுரங் குதிரைகளுக்குப் பிறந்தது என்று வம்சாவளி சொல்லி ஒரு குமைத் குட்டியை விற்க வருகிறவனுடைய கடிதம் எங்கோ பொய்யாயிருக்கிறது.

முஷ்கி என்னும் கறுப்புக் குதிரையும் ஏமாற்றும். வெயிலில் நின்று வியர்வையில் ஊறிய கறுப்பு மயிர் துருவேறினாற்போலச் சிவந்து, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கருங்குமைத் போலத் தோன்றும். அப்போது மூக்கின் ஓரத்திலும், கண்ணைச் சுற்றியும், தொடைக்கு முன்னுள்ள மடிப்பிலும் இருக்கும் குறுமயிரைப் பார்க்கவேண்டும். அங்கே பழுப்பின் சாயை சிறிதும் இல்லையானால் குதிரை கறுப்பே.

எல்லாவற்றிலும் அதிக வழக்குக்கு இடங்கொடுப்பது சப்ஜா என்கிற சாம்பல் நிறம். சப்ஜாக் குதிரை பிறக்கும்போது சாம்பலாகப் பிறப்பதில்லை. கறுப்பாகவோ, குமைத்தாகவோ, சுரங்காகவோ பிறந்து, வருஷத்துக்கு வருஷம் வெள்ளை மயிர் கலந்து, கருஞ்சாம்பலாகி, வட்டம் வட்டமாகப் புள்ளியிட்டு, கடைசியில் பால்போல் வெளுத்துவிடும். சிலவற்றில் வெளுத்த பிறகு பொடிப் பொடியாகச் செம்புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. இரண்டு வயதில் ‘கருங்குதிரை’ என்று எழுதி ஈடு வாங்கின குதிரை பத்து வயதில் வெள்ளைக் குதிரையாக இறந்துகிடந்தால், இழப்பீடு கேட்கப் போகும் சொந்தக்காரனை மோசக்காரனென்று நினைப்பது இயல்புதானே? அவன் சொன்னது முழுதும் உண்மை. பத்திரம் சொன்னதும் எழுதிய நாளில் உண்மை. குற்றம், மாறக்கூடிய ஒன்றை மாத்திரம் எழுதி, மாறாததை எழுதாமல் விட்டதே.

சுவீடன் தேசத்து உப்சாலாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், பிற தேசத்தாரோடு சேர்ந்து, இந்த நரைப்புக்குக் காரணமான பரம்பரைக் கூற்றை 2008-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்து வெளியிட்டனர். உலகிலுள்ள சாம்பற் குதிரைகள் அனைத்தும் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னிருந்த ஒரே மூதாதையினிடமிருந்து அதைப் பெற்றவை என்பது அவர்கள் முடிவு. தாய் தந்தையரில் ஒன்றாவது சாம்பலாயிருந்தாலன்றிக் குட்டி சாம்பலாகாது. பிறந்த குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் வளையமிட்டிருந்தால் அது நரைக்கப்போகிறதென்று அப்போதே எழுதிவைக்கலாம். குட்டி மயிர் மூன்று நான்கு மாதத்தில் உதிரும்போது சந்தேகம் தெளியும். வாங்குகிறவர் கவனிக்கவேண்டிய இன்னொன்று: பதினைந்து வயதைத் தாண்டிய சாம்பற் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலின் அடியிலும் ஆசனத்தைச் சுற்றியும் கருங்கட்டிகள் உண்டாகின்றன. வாலைத் தூக்கித் தடவிப் பாராமல் வயதான வெள்ளைக் குதிரைக்கு விலை பேசலாகாது.

வெளுத்த சப்ஜாவும் நுக்ராவும் ஒன்றல்ல. நுக்ரா பிறவியிலேயே வெள்ளை. அதன் தோல் இளஞ்சிவப்பு. கண் நீலமாயிருப்பதும் உண்டு. சப்ஜாவுக்கு மயிர் வெளுத்தாலும் தோல் கறுப்பே. கல்யாண ஊர்வலத்துக்கு நுக்ராவுக்குத்தான் கிராக்கி. ஆகையால் நரைத்த சப்ஜாவை நுக்ராவென்று விற்பது சந்தைகளில் நடக்கக்கூடிய காரியம். மூக்கையும் உதட்டையும் கண்ணிமையையும் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் உண்மை விளங்கிவிடும். நுக்ராவின் சிவந்த தோல் வெயிலில் வெந்து புண்ணாகும் என்பதையும் வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டும். நிழலற்ற லாயத்துக்கு அது ஏற்றதல்ல.

உடம்பில் மாத்திரம் வெள்ளை மயிர் விரவி, தலையும் கால்களும் கருத்தே நிற்கும் குதிரைகளும் உண்டு. அவை நரைப்பன அல்ல. ஆயுள் முழுதும் அப்படியே இருக்கும். சப்ஜாவுக்கு முகமே முதலில் வெளுக்கும் என்பதை நினைவில் வைத்தால் இரண்டும் மயங்கா. பெரிய பெரிய வெள்ளைத் திட்டுக்கள் உள்ளது அப்லக். அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, திட்டுக்களின் படத்தை வரைந்துகொண்டாற் போதும்.

நிறம் இவ்வாறு வயதாலும் வெயிலாலும் பருவத்தாலும் மாறுவது. பிறவி வெள்ளைக் குறியோ மாறுவதில்லை. நெற்றியிலுள்ள சிறு வெள்ளையைச் சுட்டி என்றும், நெற்றியிலிருந்து மூக்குத் தண்டின் வழியே இறங்கும் கோட்டை நாமம் என்றும் மாடு வளர்ப்போர் சொல்லுவதே குதிரைக்கும் பொருந்தும். நாமம் குறுகலா அகலமா, நேரா, எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே அறுபட்டிருக்கிறது என்பன எழுதத்தக்கவை. மூக்கு நுனியிலும் உதட்டிலும் உள்ள வெள்ளையைத் தனியே குறிக்கவேண்டும். நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்று தமிழ்நாடு கொண்டாடுகிறது. ஆனால் ‘பஞ்சகல்யாணி’ என்ற பெயரை மாத்திரம் ரிஜிஸ்தரில் எழுதுவது போதாது. காலின் வெள்ளை குளம்பைச் சுற்றிய வளையம் மாத்திரமா, கணு வரையிலா, முழங்கால் வரையிலா, அதன் மேலெல்லை முன்புறம் உயர்ந்ததா பின்புறம் உயர்ந்ததா, வெள்ளையின் நடுவே கறுப்புப் புள்ளி உண்டா, குளம்பு வெளுப்பா கறுப்பா, அல்லது வரியோடியதா என்பவற்றில்தான் ஒரு பஞ்சகல்யாணியை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் ரகசியம் இருக்கிறது.

பிறவி வெள்ளைக்கும் காயத்தால் உண்டான வெள்ளைக்கும் பேதம் தெரிந்திருக்கவேண்டும். சேணமும் வண்டிப் பட்டையும் உராய்ந்த இடத்தில் புண் ஆறியபின் வெள்ளை மயிர் முளைக்கும். அங்கே மயிரின் கீழ்த் தோல் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். பிறவி வெள்ளையின் கீழ்த் தோல் சிவப்பு. இந்தச் சிவப்புத் தோல் சப்ஜாவின் விஷயத்தில் பேருதவி செய்கிறது. குதிரை முழுதும் வெளுத்துச் சுட்டி எங்கே, உடம்பு எங்கே என்று தெரியாமற் போனபின்னும், நெற்றியைத் தண்ணீரால் நனைத்தால் கறுத்த தோலின் நடுவே பழைய சுட்டியின் உருவம் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு செம்பு தண்ணீர், எட்டு வருஷத்துக்கு முந்திய பத்திரத்தை மெய்ப்பித்துவிடும். அப்பத்திரத்தில் சுட்டி எழுதப்பட்டிருந்தால்.

அடையாளத்தை மாற்றி மோசம் செய்ய முயன்றவர்களின் கதை ஒன்று உலகப் பிரசித்தமானது. 1984-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஈகிள் பார்ம் மைதானத்தில், ‘பைன் காட்டன்’ என்ற சாமானியக் குதிரையின் பெயரில் ‘போல்ட் பெர்சனாலிட்டி’ என்ற வேகமுள்ள வேறொரு குதிரையைப் பந்தயத்தில் ஓட்டினார்கள். இரண்டுக்கும் நிறம் ஒத்துவரவில்லை. முன்னதன் காலிலிருந்த வெண்மை பின்னதற்கு இல்லை. எனவே மனிதர் தலைமயிருக்குப் பூசும் சாயத்தை உடம்பில் தேய்த்து, காலுக்கு வெள்ளைப் பெயிண்டும் அடித்தார்கள். குதிரை ஜெயித்தது. ஆனால் ஜனக்கூட்டத்திலேயே கூச்சல் கிளம்பிற்று; அதிகாரிகள் விசாரித்தவுடன் வெற்றி ரத்தாயிற்று; சம்பந்தப்பட்டவர் சிலர் ஆயுட்காலத் தடை பெற்றனர். பூச்சு மயிரோடு நின்றுவிடும், தோலுக்கு ஏறுவதில்லை.

சாயத்துக்கு அகப்படாத மற்றோர் அடையாளம் சுழி. தமிழ்நாட்டில் சுழியைப் பாராமல் மாடு வாங்குவோர் அரியர். இராஜ சுழி இருந்தால் யோகம், பாடைச் சுழி இருந்தால் சாவு, விலங்குச் சுழி இருந்தால் சிறை என்று சொல்லி, நல்ல பிராணியைப் பாதி விலைக்குத் தள்ளுவதும் கெட்ட பிராணியைத் தலையிற் கட்டுவதும் நடந்துவருகின்றன. மயிர் எப்பக்கம் சுழன்றாலும் எஜமானனுடைய ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும் இந்நம்பிக்கையால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது: எந்தச் சுழி எங்கே இருக்கிறதென்று சட்டென்று பார்க்கும் கண் கிராமத்தாருக்கு வாய்த்திருக்கிறது. அதே கண்ணைத்தான் மேல்நாட்டுக் குதிரை வைத்தியரும் பயன்படுத்துகிறார்கள். பிறக்கும்போது உள்ள சுழி ஆயுள் முழுதும் இடம் மாறாது. எல்லாக் குதிரைக்கும் நெற்றியில் ஒன்றாவது இருக்கும். அது கண் மட்டத்துக்கு மேலா கீழா, நடுவிலா ஓரத்திலா, ஒன்றா இரண்டா என்பது குதிரைக்குக் குதிரை வேறுபடும். கழுத்து, மார்பு, விலாவின் பின்மடிப்பு ஆகிய இடங்களிலும் பார்க்கவேண்டும். ஒரு வெள்ளைக் குறியும் இல்லாத குமைத் குதிரைக்குச் சுழியே கைரேகை. சர்வதேசப் போட்டிக் குதிரைகளின் பாஸ்போர்ட்டில் குதிரையின் உருவப் படம் அச்சிட்டு, வெள்ளையைச் சிவப்பு மையாலும் சுழியைக் கறுப்பு மையால் பெருக்கற்குறியிட்டும் காட்டுகிறார்கள். பாடைச் சுழியென்று பயந்து விற்பவனிடம் வாங்கி, அதே சுழியை ரிஜிஸ்தரில் எழுதிவைப்பவன் இரட்டை லாபம் அடைகிறான்.

எழுதும் முறை எளிது. குதிரையைக் கழுவி, உலரவைத்து, காலை வெளிச்சத்தில் சமதரையில் நிறுத்தவேண்டும். சேறு பட்ட காலுக்கு வெள்ளை உண்டா இல்லையா என்று ஊகிக்கலாகாது. இடம் வலம் என்பது எப்போதும் குதிரையின் இடம் வலமே, எதிரே நிற்பவனுடையது அன்று. வண்டியில் இடத்து மாடு, வலத்து மாடு என்று சொல்லிப் பழகினவர்களுக்கு இது தடுமாற்றம் தராது. தலை, முன் இடக்கால், முன் வலக்கால், பின் இடக்கால், பின் வலக்கால், கடைசியாக உடல் என்னும் வரிசையை விடாமல் பின்பற்ற வேண்டும். உதாரணமாக:

‘குமைத் நிறப் பெண்குதிரை. நெற்றியில் கண் மட்டத்துக்கு மேல் சிறு சுட்டி. அதன் நடுவில் ஒரு சுழி. மூக்கு நுனியில் வலப்புறம் சாய்ந்த வெள்ளை. முன் இடக்கால் வெள்ளை இல்லை. முன் வலக்கால் குளம்பைச் சுற்றி வெள்ளை வளையம். வெளிப்புறம் அதில் ஒரு கறுப்புப் புள்ளி. பின் இடக்கால் கணு வரையில் வெள்ளை, குளம்பு வெளுப்பு. பின் வலக்கால் வெள்ளை இல்லை. கழுத்தின் இருபுறமும் பிடரியை ஒட்டி நடுவில் ஒவ்வொரு சுழி. முதுகின் இடப்பக்கம் சேணத் தழும்பின் வெள்ளை மயிர்.’

இதில் ‘வெள்ளை இல்லை’ என்று இருமுறை எழுதியிருப்பது வீண் அன்று. இல்லாததை இல்லையென்று எழுதாமல் காலியாக விட்டால், பின்னால் வேறொரு கை அங்கே தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள இடமாகும். வயது, பால், உயரம், எழுதிய தேதி ஆகியவற்றையும் சேர்த்து, சப்ஜாவாயின் ‘நரைக்கும்’ என்று ஷரா எழுதி, வருஷந்தோறும் புதிதாகப் பார்த்துக் கையொப்பமிடவேண்டும். கழுத்தின் இடப்புறத்தில் தோலுக்குள் செலுத்தும் பதினைந்து இலக்கச் சில்லு இருந்தால் அந்த எண்ணையும் எழுதலாம். ஆயினும் சில்லைப் படிக்கும் கருவி எல்லார் கையிலும் இருப்பதில்லை. கண் எல்லாருக்கும் இருக்கிறது.

பணத்தைக் காட்டிலும் பெரிய காரியமும் இதில் அடங்கியிருக்கிறது. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்று குதிரையிடமிருந்து மனிதருக்கும் பற்றுவது. 1899-ஆம் வருஷத்திலேயே அதற்கென்று ஒரு சட்டம் ஏற்பட்டது. 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் இடத்தில் வந்திருக்கிறது. நோய் உறுதிப்பட்ட குதிரையைக் கொன்றுவிட வேண்டும். வேறு மருந்தும் மாற்றும் இல்லை. இரத்தத்தை எடுத்து ஹிஸார் நகரத்துத் தேசீயக் குதிரை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்துக்கு அனுப்பி, விடை வந்தபின்பே முடிவு செய்கிறார்கள். ஒரே லாயத்தில் நாலு குமைத் குதிரைகள் நிற்க, சீட்டில் ‘சிவப்புக் குதிரை’ என்று மாத்திரம் எழுதியிருந்தால், விடை வந்த நாளில் எதைக் கொல்லுவது, எதை விடுவது? தவறினால் ஆரோக்கியமான குதிரை மாண்டு, நோயுள்ளது குழந்தைகளைச் சுமந்துகொண்டு கடற்கரையில் நடக்கும்.

மாடு வைத்திருப்போர் இதையெல்லாம் குதிரைக்காரன் விஷயமென்று தள்ளவேண்டாம். இப்போது பசுக்களுக்கும் எருமைகளுக்கும் பன்னிரண்டு இலக்கம் பொறித்த காதுவில்லை மாட்டப்படுகிறது. இன்ஷியூரன்ஸ் இழப்பீட்டுக்கு வில்லை இருந்தே தீரவேண்டும் என்பது பொது விதி. ஆனால் வில்லை வேலியில் மாட்டி அறுந்து விழுவதுண்டு. விழுந்த உடனே தெரிவித்துப் புதிய வில்லை பெறும்போது, பழைய மாடும் இதுவும் ஒன்றே என்று காட்டச் சுட்டியும் சுழியும் வால்குஞ்சத்தின் நிறமுமே உதவும். மாட்டின் மூக்குத் தோலில் உள்ள வரிகள் மனிதரின் கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று 1922-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஈரத்தைத் துடைத்து, மை தடவி, ஒரு காகிதத்தை மூக்கில் ஒற்றி எடுத்தால் போதும். அதைக் கடன் பத்திரத்தோடு தைத்து வைக்கலாம். ஒற்றும்போது மாட்டின் தலையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் காகிதத்தை அது தின்றுவிடும். அடையாளங்களில் ஐயமேற்பட்டால் காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தாரையோ, 1903-ஆம் வருஷம் முதல் வேப்பேரியில் நடந்துவரும் கால்நடை வைத்தியக் கல்லூரியாரையோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.